யார் இந்த வை.மு.கோ.? துப்பறியும் கதை எழுதிய பெண் பத்திரிகை ஆசிரியர்

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா கதைகளைப் படித்தவர்களுக்கு வழக்கு மறந்திருக்கும்; சுசீலாவின் டி-ஷர்ட் வாசகம் மறந்திருக்காது. நம்ம கிரைம் நாவல்களில் ஒரு பெண், அவர் நிருபராகவே இருந்தாலும், கதைக்குள் வந்ததும் முதலில் என்ன உடுத்தியிருக்கிறார் என்றுதான் சொல்வார்கள். மூளையைப் பற்றிய பேச்சு அப்புறம்தான்.

ஆனால் பாக்கெட் நாவல்கள் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே துப்பறியும் கதை எழுதி, பத்திரிகையும் நடத்தி, துணிக்காகச் சிறைக்கும் போன ஒரு பெண் இருந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று இவரைத்தான் சொல்கிறார்கள்.

எழுதத் தெரியாத எழுத்தாளர்

1901 டிசம்பர் 1 அன்று பிறந்தார். குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஐந்தரை வயதில் திருமணம்; திருவல்லிக்கேணியில் புகுந்த வீடு. மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கும் அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் கதை சொல்வதில் கெட்டிக்காரி. கணவர் நாடகங்களுக்கு அழைத்துப் போவார். பார்த்துப் பார்த்து அவருக்கே ஒரு நாடகம் தோன்றியது. கையால் எழுத வரவில்லை, என்ன செய்வது? அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொடுத்தார். அதுதான் 1924இல் வந்த 'இந்திரமோகனா'.

அடுத்தது 'வைதேகி' நாவல். திகம்பர சாமியார் என்ற துப்பறிவாளரைப் படைத்த வடுவூர் துரைசாமி ஐயங்கார் இதற்குக் கைகொடுத்தார். சொந்தமாகப் பத்திரிகை நடத்தச் சொன்னவரும் அவரே. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி'யை 1925இல் வாங்கினார்கள். மாதத்துக்கு மாதம் தொடர்கதை, கூடவே பெண்களுக்கான விஷயங்கள். சுமார் 35 வருஷம் இதை நடத்தினார். எழுதிய நாவல்கள் 115. சும்மா ஒரு கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மூன்றுக்கும் மேல்! அத்தனையும் இலக்கியத் தரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். ஆனால் அடுத்த மாத இதழுக்காக வாசகர்களைக் காத்திருக்க வைக்கத் தெரிந்த பெண் எழுத்தாளர்கள் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?

பட்டு போய் கதர்

அதே 1925இல் சென்னை வந்த காந்தியைச் சந்தித்தார். அதன் பிறகு பட்டும் நகையும் போயின, கதர் வந்தது. இதை வெறும் உடை மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பட்டும் நகையும்தான் அந்தஸ்து. 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் இரண்டிலும் இறங்கிச் சிறை சென்றார். அம்மா உள்ளே இருந்த நாட்களில் பத்திரிகை நிற்கவில்லை, கணவர் பார்த்துக்கொண்டார். அவரோ சிறையிலும் நாவல் எழுதினார்.

தருமபுரிக்காரர்களுக்கு இங்கே ஒரு தகவல். கள்ளுக்கடை மறியல்கள் கேட்ட மதுவிலக்கு, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக அமலுக்கு வந்தது சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1 அன்று. இன்றைய தருமபுரி அப்போது சேலத்தோடுதான் இருந்தது. 1965இல்தான் தனி மாவட்டமானது.

கடைசி வருஷங்கள்

கோதைநாயகி நன்றாகப் பாடுவார், மேடையிலும் பேசுவார். 'அனாதைப் பெண்' நாவல் 1938இல் படமானது. 1956இல் மகன் சீனிவாசன் இறந்தது அவரை உடைத்துவிட்டது. உடல்நலமும் கெட்டது, பத்திரிகையும் நின்றது. 1960 பிப்ரவரி 20 அன்று தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் காலமானார்.

ஆறு வருஷம் கழித்து, 1966இல், பத்மினி நடித்த 'சித்தி' படம் வந்தது. டிவியில் இன்னமும் பார்க்கிறோம். அதன் மூலக்கதை, இவர் எழுதிய 'தயாநிதி' நாவல்.