சமாதானம் கேட்டதால் ஏச்சுப் பெற்ற அம்மையார்

யுத்தம் நடக்கும்போது சமாதானம் பேசுகிறவரைத் துரோகி என்பதும், யுத்தம் முடிந்த பிறகு ஆயுதத்தைக் குறையுங்கள் என்கிறவரை அந்நியரின் கைக்கூலி என்பதும் ஆளும் கூட்டத்தாரின் பழைய வழக்கம். நம் தோழர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் நம் கொள்கையை ஏற்காத, செல்வக் குடும்பத்தில் பிறந்த, ஜனாதிபதிகளோடு பழகிய ஓர் அம்மையாரும் இந்த ஏச்சிலிருந்து தப்பவில்லை. அவர் அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ்.

1860 செப்டம்பர் 6-ந் தேதி இல்லினாய் மாகாணத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை மாவு ஆலை வைத்திருந்தவர், மாகாண செனட் உறுப்பினர், லிங்கனுக்கு வேண்டியவர். தாயை இரண்டு வயதிலேயே இழந்தார். முதுகெலும்பில் க்ஷயம் கண்டு உடல் சற்றே கோணியது. டாக்டராக வேண்டும் என்று கல்லூரியில் சேர்ந்தும் உடல் இடங்கொடுக்கவில்லை. கையில் தந்தை விட்டுச் சென்ற பணம் இருந்தது. செய்ய வேலை இல்லை. இந்த நிலையில்தான் லண்டனின் கிழக்குப் பகுதியில், படித்த இளைஞர்கள் ஏழைகள் நடுவே குடியிருந்து தொண்டு செய்த டாயின்பீ ஹாலைக் கண்டார். 1889-ல் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். அதுவே ஹல் ஹவுஸ்.

இத்தாலியர், கிரேக்கர், போலந்து யூதர், ஜெர்மானியர் எனப் பிழைக்க வந்த ஏழைகள் நெருங்கி வாழ்ந்த வட்டாரம் அது. வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இடம், இரவுப் பள்ளி, குளிக்கும் இடம், விளையாட்டுத் திடல், தையல் தொழிலாளிப் பெண்களின் சங்கம் கூட அறை எல்லாம் அங்கே உண்டாயின. தெருவில் குப்பை அழுகிக் கிடந்தது. அதை அள்ளாத கான்ட்ராக்டர்மீது புகார் எழுதி அலுத்துப்போன அம்மையார், 1895-ல் அந்த வட்டாரத்தின் குப்பை இன்ஸ்பெக்டர் வேலையைத் தாமே பெற்றார். விடியற்காலையில் குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார்!

1896-ல் ரஷ்யா சென்று டால்ஸ்டாயைப் பார்த்தார். முனிவர், அம்மையாரின் பெருத்த சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, இந்தத் துணியில் ஒரு சிறுமிக்கு உடுப்பே தைக்கலாமே என்று இடித்துரைத்தார். தினமும் இரண்டு மணி நேரம் தாமே ரொட்டி சுடுவதென்று உறுதி பூண்டு ஊர் திரும்பினார் ஜேன் ஆடம்ஸ். வந்து பார்த்தால், வாசலில் காத்திருந்த மக்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ரொட்டி சுடுவது அறிவீனமாகப் பட்டது. விட்டுவிட்டார். அது சரியான முடிவு என்பதே நம் கருத்து.

எல்லாவற்றிலும் அவர் வழியை நாம் ஒப்ப முடியாது. வர்க்கப் போராட்டத்தை அவர் ஏற்கவில்லை. முதலாளியும் தொழிலாளியும் உட்கார்ந்து பேசினால் தீரும் என்று நம்பினார். 1894-ல் புல்மன் வேலைநிறுத்தத்தின்போது மத்தியஸ்தத்திற்கு முயன்றார். புல்மன் முதலாளி அதை ஒப்பவே இல்லை. 1912-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டை ஜனாதிபதி வேட்பாளராக வழிமொழிந்தார். ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல் கட்ட வேண்டும் என்பதும் அந்தக் கட்சியின் திட்டத்தில் இருந்தது. மாதர் வாக்குரிமைக்காகவும் தொழிலாளர் சட்டங்களுக்காகவும் அதையும் விழுங்கினார். விழுங்கியது இலேசில் ஜீரணிக்கவில்லை என்பதை அவரே பின்னால் மறைக்கவில்லை.

1914-ல் ஐரோப்பாவின் ஏகாதிபத்தியங்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறத் தொடங்கின. 1915 ஜனவரியில் வாஷிங்டனில் மாதர் சமாதானக் கட்சி தோன்றியது, அம்மையார் தலைவர். ஏப்ரலில் ஹாலந்தின் ஹேக் நகரில் சர்வதேச மாதர் மாநாடு. டச்சு டாக்டர் அலெட்டா ஜேகப்ஸ் முதலானோர் முயற்சியால் கூடிய அதற்கும் அவரே தலைமை வகித்தார். 12 நாடுகளிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள்! பிரிட்டனிலிருந்து சுமார் 180 பேர் வரத் துடித்தார்கள். கடற்பாதை மூடப்பட்டதால் மாநாட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர். ஜெர்மானியப் பெண்ணும், ஜெர்மன் படை மிதித்த பெல்ஜியத்துப் பெண்ணும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தார்கள்.

அவர்கள் அழுது புலம்பிவிட்டுக் கலையவில்லை. நடுநிலை நாடுகள் கூடி இடைவிடாது மத்தியஸ்தம் செய்ய வேண்டும். மக்களின் சம்மதமின்றி ஒரு சாண் நிலமும் கைமாறக் கூடாது. அந்நிய நாட்டு உறவுகள் ஜனநாயகக் கட்டுப்பாட்டில் வர வேண்டும். ஆயுதத் தயாரிப்பைத் தனியாரிடமிருந்து சர்க்கார்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு ஆணுக்குச் சமமான அரசியல் உரிமை வேண்டும் என்று தீர்மானித்தார்கள். ஆயுத லாபத்தைப் பற்றிய அந்தத் தீர்மானம் எவ்வளவு தீர்க்கமானது! ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி 2024-ல் உலகம் ராணுவத்திற்குச் செலவிட்ட தொகை சுமார் 2,70,000 கோடி டாலர். அதிகம் செலவிட்ட ஐந்து நாடுகளில் நம் நாடும் ஒன்று.

தீர்மானங்களை எடுத்துக்கொண்டு அம்மையாரும் தோழியரும் லண்டன், பெர்லின், வியன்னா, புடாபெஸ்ட், ரோம், பாரிஸ் என்று மந்திரிகளின் வாசலேறினார்கள். சமாதானத்தை முதலில் கேட்டால் பலவீனம் என்பார்களே என்ற அச்சத்தையே எங்கும் கண்டார்கள்.

1915 ஜூலை 9-ந் தேதி நியூயார்க் கார்னகி மண்டபத்தில், கண்டதையும் கேட்டதையும் அம்மையார் சொன்னார். இது கிழவர்கள் தொடுத்த யுத்தம், சாவது இளைஞர்கள் என்றார். துப்பாக்கி ஈட்டியால் மனிதனைக் குத்தச் சாதாரணப் பையனுக்கு மனம் வருவதில்லை, ஆகவே பாய்ச்சலுக்கு முன்னே மது கொடுக்கிறார்கள் என்று பல நாட்டார் தம்மிடம் சொன்னதையும் எடுத்துரைத்தார். மறுநாள் முதல் பத்திரிகைகள் பாய்ந்தன. வீரர்களைக் குடிகாரர்கள் என்று இழித்துவிட்டாளாம்! நேற்றுவரை தெய்வப் பெண்மணி என்று எழுதிய பேனாக்களே, விவரமறியாத கிழவி என்று எழுதின. கொலை செய்ய இளைஞன் கூசுகிறான் என்று அவர் சொன்னது மனிதனுக்குப் பெருமை. யுத்த வெறியர்களுக்கு அந்தப் பெருமை வேண்டியிருக்கவில்லை.

1917-ல் அமெரிக்காவும் யுத்தத்தில் குதித்தது. அம்மையார் எதிர்ப்பில் உறுதியாக நின்றார். கூட்டங்களில் அவர் பேச்சை வரவேற்க ஆளில்லை. தோழி எமிலி பால்ச், யுத்த எதிர்ப்பின் காரணமாகக் கல்லூரிப் பேராசிரியை வேலையை இழந்தார்.

யுத்தம் ஓய்ந்தது. 1919 மே மாதம் ஜூரிக்கில் மாதர் மீண்டும் கூடினார்கள். பாரிசில் வென்றவர்கள் மட்டும் உட்கார்ந்து தோற்றவர்களுக்கு விலை பேசிக்கொண்டிருக்க, இங்கே இரு தரப்புப் பெண்களும் அமர்ந்திருந்தார்கள். நான்காண்டு முன்பு ஹேகில் கண்ட வியன்னா தோழியை எலும்பும் தோலுமாக அம்மையார் கண்டார். படை மிதித்துப் பாழான வட பிரான்சிலிருந்து ழான் மெலான் என்ற பெண் தாமதமாக வந்து சேர்ந்தபோது, ஜெர்மானியரான லிடா ஹெய்மன் ரோஜா மலர்களைத் தந்து கைகுலுக்கினார். மண்டபமே எழுந்து நின்றது.

வெர்சேல்ஸ் ஷரத்துக்கள் புதிய யுத்தத்துக்கு விதை என்று கண்டித்த முதல் சபைகளில் அதுவும் ஒன்று. ஒரு தரப்பின் ஆயுதத்தை மட்டும் பறிப்பது நியாயமல்ல, எல்லோரும் கீழே வைக்க வேண்டும் என்றார்கள். பட்டினி முற்றுகையை எடுங்கள் என்றார்கள். சமாதானத்திற்கும் சுதந்திரத்திற்குமான சர்வதேச மாதர் சங்கம் என்று பெயர் சூட்டி, ஜெனிவாவில் அலுவலகம் வைத்தார்கள். அம்மையார் தலைவர், வேலை இழந்த பால்ச் காரியதரிசி.

அங்கிருந்து ஜெர்மனி சென்றார் அம்மையார். லைப்சிக்கில் பிள்ளைகளுக்கு மதியச் சோறு என்று ஊற்றப்பட்டது நீர்த்த கஞ்சி. ஊர் திரும்பி அந்தப் பிள்ளைகளுக்கு உணவு கேட்டார். எதிரியின் பிள்ளைக்குப் பரிந்து பேசுகிறாள் என்று மறுபடி ஏச்சு! 1923-ல் அவர் இந்தியாவுக்கும் வந்தார். காந்தியார் அப்போது எரவாடா சிறையில் இருந்தார்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்க யுத்த இலாகாவில் ஒரு படம் வரையப்பட்டது. சிலந்தி வலைபோலக் கோடுகள் போட்டு, மாதர் சங்கங்கள் எல்லாம் சிவப்புச் சதி என்று காட்டிய படம். வரைந்தது எந்தப் பிரிவு தெரியுமா? ரசாயன யுத்தப் பிரிவு! விஷவாயுவைத் தடை செய் என்று பெண்கள் கேட்டால், விஷவாயுக்காரருக்குச் சிவப்புப் பூதம் தெரிந்தது. மாதரின் கண்டனத்தால் படத்தை அழிக்க உத்தரவாயிற்று. ஊர் முழுதும் பரவிய அவதூறை அழிக்கத்தான் உத்தரவு போதவில்லை.

1931-ல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அதையும் முழுதாகக் கொடுக்கவில்லை. 1917-ல் யுத்தத்தை எதிர்த்த பேராசிரியர்களை வெளியேற்றிய கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவர் பட்லரோடு பங்கு! அம்மையார் அப்போது மருத்துவமனையில் படுத்திருந்தார். பரிசுப் பணத்தை மாதர் சங்கத்துக்கே கொடுத்தார்.

1932 பிப்ரவரியில் ஜெனிவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு. பல நாட்டு மாதர் சங்கங்கள் சேர்த்த சுமார் 80 லட்சம் கையெழுத்துக்கள் கட்டுக் கட்டாக மேடைமுன் குவிந்தன. அதே நாட்களில் ஜப்பானிய விமானங்கள் ஷாங்காய்மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. தாக்கும் ஆயுதம் எது, தற்காக்கும் ஆயுதம் எது என்று வாதாடியே வல்லரசுகள் காலம் கடத்தின, 1933 அக்டோபரில் ஹிட்லர் வெளியேறினான், மாநாடு செத்தது. ஆனால் அமெரிக்காவில் அதே சங்கத்தின் டோரதி டெட்சர் செனட்டர்களை விடாமல் தொடர்ந்து, ஆயுத முதலாளிகளை விசாரிக்க 1934-ல் கமிட்டி அமைக்க வைத்தார். டூபான்ட் சகோதரர்கள் வந்து கணக்குச் சொல்ல நேர்ந்தது. ஹேகில் கேட்ட கேள்வி, 19 ஆண்டு கழித்து அப்படித்தான் செனட் ஏறியது.

1935 மே முதலில் வாஷிங்டனில் சங்கத்தின் இருபதாம் ஆண்டு விழா. ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டும் வந்து அம்மையாரைப் பாராட்டினார். அந்த மாதம் 21-ந் தேதி சிகாகோவில் அம்மையார் காலமானார். ஹல் ஹவுஸ் வாசலில் ஆயிரக்கணக்கான ஏழைகள் வரிசையில் நின்றார்கள். சீடர்வில்லில் அவர் கல்லறையில் ஹல் ஹவுசின் பெயரும் மாதர் சமாதானச் சங்கத்தின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. நோபல் பரிசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.