கொசுவின் குட்டை உடைத்த டாக்டர் ரோஸ்

நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட காலத்தில், குளிர் காய்ச்சல் லயம் லயமாகப் புகுந்து ஆட்களை வாரிக்கொண்டு போனது. சேற்று நாற்றம், கெட்ட காற்று, காத்து கருப்பு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குற்றவாளி கொசுதான் என்று காட்டிக் கொடுத்தவர் டாக்டர் ரொனால்ட் ரோஸ்.

1857ல் வட இந்தியாவில் அல்மோராவில் பிறந்தார். அப்பா பட்டாளத்து அதிகாரி. பிள்ளைக்கோ கவிதையிலும் சங்கீதத்திலும் ஆசை. அப்பா சொல்லைத் தட்ட முடியாமல் வைத்தியம் படித்து, 1881ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் 1880லேயே கண்டவர் பிரெஞ்சு டாக்டர் லாவரான். அது ஆள்விட்டு ஆள் எப்படிப் போகிறது? கொசுவைப் பார் என்று வழிகாட்டியவர் லண்டன் டாக்டர் மேன்சன். செக்கந்திராபாத் வெக்கையில், விசிறி போட்டால் கொசு பறந்துவிடும் என்று வேர்க்க விறுவிறுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்து கிடந்தார் ரோஸ். உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசுவுக்கு ஓர் அணா கூலி வாங்கிக்கொண்டு கடிபட்டார். 1897 ஆகஸ்ட் 20ந் தேதி கொசுவின் வயிற்றில் கிருமி தெரிந்தது. அந்த டிசம்பரிலேயே லண்டன் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது.

1898ல் கல்கத்தாவில் பறவைகளை வைத்து, கிருமி கொசுவின் எச்சிலுக்கு ஏறி, கடியில் இறங்குவதையும் காட்டினார். மனிதருக்கும் அப்படியே என்று இத்தாலியின் கிராசி குழுவினர் நிரூபித்தார்கள். யார் முதலில் என்று இருவருக்கும் சண்டை! 1902ல் நோபல் பரிசு ரோஸுக்குப் போனது. 1932ல் காலமானார்.

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எத்தனை பேர் எடுத்துக்காட்டி எழுதினார்கள் என்று எண்ணி மதிப்புப் போடுவது படித்தவர்கள் வழக்கம். நாம் வேறு கணக்குப் போடுவோம். 1901ல் கிள்ளானில் டாக்டர் மல்கம் வாட்சன், ரோஸ் கண்டதை நம்பி, சதுப்பில் கான் வெட்டச் சொன்னார். கிள்ளானிலும், இன்றைக்குப் போர்ட் கிள்ளான் என்கிற போர்ட் சுவெட்டன்ஹாமிலும் அந்த ஆண்டு காய்ச்சலில் செத்தவர்கள் 368 பேர். மறு ஆண்டு 59. வாட்சன் தம் அனுபவத்தை 1911ல் புத்தகமாகப் போட்டார். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துக் கான் வெட்டியதால் பிழைத்த உயிர்கள் இவை.

காட்டோரம் வேலை செய்கிறவர்களுக்குக் குரங்கு மலேரியா இன்றும் வருகிறது. காய்ச்சல் கண்டால் மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள், இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். லயத்துக் கான் அடைத்துக் கிடந்தால் நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்க நமக்கு நியாயம் இருக்கு.