ஃபிக்கின் உப்புக் குடுவை

மாஸ் டிரான்ஸ்ஃபர் படிச்சவங்களுக்கு ஃபிக்ஸ் லா ஒரு ரெண்டு மார்க் கேள்வி. விரவல் வேகம் செறிவுச் சரிவுக்கு நேர்விகிதம், முன்னாடி ஒரு மைனஸ் குறி. எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். சரி, யார் இந்த ஃபிக்? கெமிக்கல் இன்ஜினியரா, இயற்பியல் பேராசிரியரா? ரெண்டுமே இல்ல. அவர் ஒரு டாக்டர். உப்புத் தண்ணியை வச்சு 1855-ல் அவர் எழுதின விதிதான், ஒருத்தரோட கல்லீரல் கட்டி எவ்வளவு மூர்க்கமானதுன்னு ஊசி குத்தாமலே கணிக்க இன்னைக்கு உதவுது.

அடால்ஃப் ஃபிக் 1829 செப்டம்பர் 3 அன்று இன்றைய ஜெர்மனியில் இருக்கும் காசெல் நகரத்தில் பிறந்தார். அப்பா நகரக் கட்டடப் பணிகளைப் பார்த்துவந்தவர். ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. மார்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனது கணக்குப் படிக்க. சட்டத்துறையில் இருந்த அண்ணன் ஹைன்ரிஷ்தான் மருத்துவத்துக்கு மாறச் சொன்னார். தம்பி மாறினார், ஆனா கணக்கை மட்டும் விடல. 1851-ல் அவர் முடித்த டாக்டர் பட்ட ஆய்வே ஆஸ்டிக்மாடிசத்தால் வரும் பார்வைப் பிழைகளைப் பற்றியது. அடுத்த வருஷம், தன் ஆசிரியர் கார்ல் லுட்விக் ஏற்கெனவே போயிருந்த சூரிக் நகரத்துக்கு இவரும் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவரைத் தொந்தரவு செய்த கேள்வி, உடம்புக்குள்ள சவ்வுகளைத் தாண்டிப் பொருட்கள் எப்படிப் போகுதுங்கறது. தாமஸ் கிரஹாம் கரைசல்களின் விரவலை நிறைய அளந்திருந்தார். அளவுகள் இருந்தன, விதி இல்லை. ஃபிக் யோசிச்சது எளிமையான ஒப்புமை: வெப்பத்துக்கு ஃபூரியே, மின்சாரத்துக்கு ஓம் சொன்ன அதே கணக்கு உப்புக்கும் ஏன் பொருந்தக் கூடாது?

சோதனையும் எளிமைதான். குழாயின் அடியில் உப்பு, மேலே நல்ல தண்ணி. அடியில் கரைசல் எப்பவும் முழுச் செறிவில், மேல்முனையில் செறிவு பூஜ்யம். நிலையான நிலை வரும்வரை காத்திருந்து, தராசில் தொங்கவிட்ட கண்ணாடிக் குமிழால் வேறு வேறு உயரத்தில் அடர்த்தியை அளந்தார். நேரான குழாயில் செறிவு நேர்கோடாகக் குறைந்தது. புனல் வடிவப் பாத்திரத்தில் அதே உப்பு, அதே தண்ணி, ஆனா கோடு வளைந்தது. விதி மாறல, பாத்திரத்தின் வடிவம்தான் மாறியது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கல்லீரலுக்குப் போகும்போது வேணும்.

காத்திருப்புன்னா எவ்வளவு? ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரி போறவங்க மரக்காணம் உப்பளங்களைப் பார்த்திருப்பீங்க. அங்கே உப்பு விளைய வைக்கிறது வெயிலும் காத்தும். ஒரு பாத்தியில் கனமான உப்புநீர் மேல மழைத்தண்ணி நிக்குதுன்னு வைங்க. காத்து அலைக்காம விட்டா, விரவலால் மட்டும் உப்பு ஒரு சென்டிமீட்டர் ஏற சுமார் 9 மணி நேரம் ஆகும். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு மாசத்துக்கு மேல. ஒரு மீட்டருக்கு சுமார் 10 வருஷம்! தூரம் பத்து மடங்கானா நேரம் நூறு மடங்கு. பெரிய தூரத்தில் விரவல் ஆமை, ஆனா ஒரு செல்லின் அளவில் அது முயல்.

ஃபிக் அதோட நிக்கல. 1856-ல் மருத்துவ இயற்பியலுக்கு ஒரு பாடநூல் எழுதினார். 1865-ல் விஸ்லிசேனுஸ் என்ற வேதியியலாளரோடு ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறி, இருவரின் சிறுநீரில் நைட்ரஜனை அளந்து, தசைக்கு எரிபொருள் புரதம் மட்டும் இல்லைன்னு காட்டினார். 1868-ல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1870-ல், நுரையீரல் எடுக்கும் ஆக்சிஜனை வச்சு இதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு கணக்கிடும் வழியைச் சொன்னார். கான்டாக்ட் லென்ஸ் கண்டுபிடிச்சதும் இவர்தான்னு சில இடங்களில் போட்டிருக்கும். அது அதே பெயர் கொண்ட அண்ணன் மகன். 1901 ஆகஸ்ட் 21 அன்று பெல்ஜியத்தின் பிளாங்கன்பெர்க நகரில் ஃபிக் இறந்தார்.

நாலு வருஷம் கழிச்சு, 1905-ல், ஐன்ஸ்டைன் அதே விரவல் எண்ணை மூலக்கூறுகளின் தாறுமாறான ஓட்டத்தோடு இணைத்தார். 1965-ல் ஸ்டெஸ்கலும் டானரும் காந்தப்புலச் சரிவுத் துடிப்புகளால் அந்த ஓட்டத்தை அளக்கக் காட்டினார்கள். முதல் துடிப்பு தண்ணீர் மூலக்கூறுகளுக்கு அடையாளம் போடும், இரண்டாவது அதை அழிக்கும். நகராத மூலக்கூறின் அடையாளம் முழுசா அழியும். நகர்ந்ததோட அடையாளம் மிச்சம் இருக்கும், சிக்னல் குறையும். 1980-களின் நடுவில் பிரான்ஸின் டெனி லெ பியான் இதை எம்.ஆர்.ஐ. படமாக்கினார். அவர் முதலில் குறிவைத்ததே கல்லீரல் கட்டிகளைத்தான். மூச்சு விடும்போது கல்லீரல் அசைந்ததால் படம் கெட்டது, அதனால் மூளைக்குப் போனார். ஸ்கேன் வேகம் கூடிய பிறகே கல்லீரல் வசப்பட்டது.

இப்போ கணக்கைப் பாருங்க. ஸ்கேனர் கவனிக்கும் நேரம் சுமார் 50 மில்லி செகண்ட். அதற்குள் திசுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு ஒரு திசையில் நகர்வது சராசரியா 10 மைக்ரான். கல்லீரல் செல் ஒன்றின் அகலம் 20 முதல் 30 மைக்ரான். அதாவது, மூலக்கூறு செல் சவ்வுகளில் முட்டும் அளவுக்கு நடக்குது. கட்டியின் கிரேடு கூடும்போது பெரும்பாலும் செல்கள் நெருக்கியடிச்சு நிற்கும், தண்ணிக்கு ஓட இடம் குறையும், ஏ.டி.சி. என்ற அளவு இறங்கும். ஃபிக்கின் புனல் இங்கே மறுபடி வருது: தண்ணி அதேதான், நாம படிக்கிறது பாத்திரத்தை.

இது ஏன் முக்கியம்? கிரேடு அதிகமான கட்டி, வெட்டி எடுத்த பிறகும் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பயாப்ஸி ஊசி கட்டியின் ஒரு ஓரத்தை மட்டும் தொடும். சிரோசிஸ் இருக்கும் கல்லீரலில் ரத்தக்கசிவு பயமும் உண்டு. ஸ்கேன் கட்டி முழுவதையும் பார்க்கும்.

ஆனா ஏ.டி.சி.-யில் வரும் முதல் எழுத்துக்கு ‘தோற்ற அளவில்’னு பொருள். ரத்த ஓட்டமும் அந்த எண்ணில் கலக்கும், இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும், பக்கத்துப் பக்கத்து கிரேடுகளின் மதிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால பயாப்ஸியை இது இன்னும் வீட்டுக்கு அனுப்பல. சிக்னல் பிராசஸிங் தெரிஞ்ச நம்ம ஆளுங்களுக்கு அங்கே வேலை காத்திருக்கு. கூடவே கொஞ்சம் உடற்கூறியலும் படிங்க. கணக்குப் படிக்கப் போன பையன் டாக்டர் ஆனதால்தான் இந்த விதி கிடைச்சது.