ஊர் எது என்று கல்லிடம் கேட்டவர்

ஆஸ்லோ துறைமுகத்தில், ஆக்கர்ஷுஸ் கோட்டைக்குக் கீழே, உட்காரப் பலகை இல்லாத எட்டு நாற்காலிகள் இருக்கின்றன. வேலைக்கு வந்த புதிதில், ஏதோ நவீனச் சிற்பம்னு நினைச்சுத் தாண்டிப் போயிருக்கேன். பிறகுதான் தெரிந்தது. 1942 நவம்பர் 26 அன்று இந்தத் துறைமுகத்திலிருந்து 500க்கும் மேற்பட்ட யூதர்களை 'டோனாவ்' கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். போன இடம் ஆஷ்விட்ஸ்.

அன்று கடைசி நேரத்தில் வரிசையிலிருந்து விலக்கப்பட்டவர்களில் ஒருவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். அவருடைய அறிவு நாட்டுக்குத் தேவை என்று சகாக்கள் வாதாடியதால் தப்பினார்.

1888ல் ஜூரிச்சில் பிறந்தவர். அப்பாவுக்கு இங்கே பேராசிரியர் வேலை கிடைக்க, 1901ல் குடும்பமே நார்வேக்கு வந்தது. 1905ல் குடியுரிமை. மகன் 23 வயதில் முனைவர் ஆனார். 1929ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் அழைத்தது. நாஜிகளின் தொல்லை தாங்காமல் 1935ல் பதவியை விட்டு ஆஸ்லோ திரும்பினார்.

இன்று புவிவேதியியலின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். லாந்தனம் முதல் லுட்டீசியம் வரையிலான அரிய மண் தனிமங்களின் அயனிகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போவதைக் காட்டி, 1925ல் அதற்கு 'லாந்தனைடு சுருக்கம்' என்று பெயர் வைத்தார். கோட்டிங்கனில் அவரிடம் வேலை செய்த ஜப்பானியர் மினாமி, களிப்பாறைகளில் இத்தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்து 1935ல் வெளியிட்டார்.

இதனால என்ன லாபம்? டோலமைட் பாறையை எடுத்துக்குவோம். பல இடங்களில் அது முதலில் சுண்ணாம்புக்கல். மெக்னீசியம் கலந்த நீர் ஊடுருவியதால் மாறியது. அந்த நீர் கடல்நீரா, ஆழத்திலிருந்து வந்த சூடான நீரா? களிப்பாறையின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சீரியம் குறைந்திருந்தால் ஆக்சிஜன் உள்ள கடலின் சாயல். யூரோப்பியம் கூடியிருந்தால் சூடான நீரின் சாயல். எங்க பாஷையில் சொன்னால், புரோகிராமை மாற்றி எழுதின பிறகும் அழியாமல் கிடக்கும் லாக் ஃபைல். ரொம்ப நீர் ஓடியிருந்தால் அதுவும் கலைந்துபோகும்; அதனால் மற்ற ஆதாரங்களையும் சேர்த்தே முடிவு சொல்வார்கள்.

1942 டிசம்பரில் கோல்ட்ஷ்மிட் எல்லை தாண்டி ஸ்வீடனுக்குத் தப்பினார். 1943ல் பிரிட்டன் போய் மண் ஆராய்ச்சி செய்தார். 1946ல் உடைந்த உடம்போடு ஆஸ்லோ வந்து, 1947 மார்ச்சில், 59 வயதில் இறந்தார். முடிக்காமல் விட்ட அவரது பெரிய நூல் 1954ல்தான் வெளிவந்தது.

எங்கிருந்து வந்தாய் என்று அவர் கல்லிடம் கேட்டது, தெரிந்துகொள்வதற்காக. அதே கேள்வியை ஆட்சி அவரிடம் கேட்டது, அப்புறப்படுத்துவதற்காக. 37 வருஷக் குடியுரிமை அன்னைக்கு உதவல. இங்கே பிறந்த நம்ம பிள்ளைகளிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் நல்ல மனசோடதான். கேட்கிறவர் எதுக்காகக் கேட்கிறார் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். அந்த நாற்காலிகளை அவர்களுக்கு ஒருமுறை காட்டுங்க.