பதினோராயிரம் மைல் பறந்த பாவை

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு, ஊர் ஊராய் இறங்கிச் செல்லும் அந்நாளைய வான்வழியில், ஏறத்தாழ 11,000 மைல் தூரம். அதனைத் தன்னந்தனியே பறந்து கடந்த முதற் பெண்மணி ஏமி ஜான்சன் அம்மையார்.

இவர் 1903-இல் இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் மீன் வணிகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, லண்டனில் வழக்கறிஞர் அலுவலகமொன்றில் தட்டெழுத்துப் பணி புரிந்தார். ஓய்வு வேளைகளில் விமானம் ஓட்டக் கற்றதோடு நில்லாமல், விமான எந்திரங்களைச் செப்பனிடும் உரிமமும் பெற்றார்.

1930 மே 5 அன்று, பிறர் ஓட்டிப் பழகிய சிறு 'ஜிப்ஸி மாத்' விமானமொன்றில் புறப்பட்டார். இவ்வழியை 15½ நாளில் கடந்த ஹிங்க்லரை வெல்வதே அவர் நோக்கம். ஆறே நாளில் கராச்சியை எட்டியபோது அவரை இரண்டு நாள் முந்தியிருந்தார். பின்னர் எரிபொருள் குறைந்து ஜான்சியில் படையினரின் அணிவகுப்புத் திடலில் இறங்க நேர்ந்தது. ரங்கூன் அருகே விமானம் பள்ளத்தில் பாய்ந்து இறக்கை சிதைந்தது. உள்ளூர்த் தொழிற்கல்வி மாணாக்கர் துணை நிற்க, சட்டைத் துணியால் இறக்கை ஒட்டுப்போடப்பட்டது.

மே 24-இல் டார்வினில் இறங்கியபோது 19½ நாட்கள் கழிந்திருந்தன. ஹிங்க்லரின் சாதனை நிலைத்தது. உலகம் வாழ்த்தியதோ இவரை!

1941 ஜனவரி 5 அன்று, போர்க்காலத்தில் விமானம் கொண்டு சேர்க்கும் பணியின்போது, தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்து 37-ஆம் வயதில் மறைந்தார். உடலும் கிடைத்திலது.

2018-இல் பெர்த் நகரிலிருந்து லண்டனுக்கு நில்லாது பறக்கும் சேவை தொடங்கியபோது, பயண நேரம் ஏறத்தாழ 17 மணியாயிற்று. அத்தகைய எளிமைக்கு முன்னே, ஒட்டுப்போட்ட இறக்கையோடு வழி திறந்தவர்களுள் ஒருவர் இந்நங்கை. நம் பெண்மக்கள் அறிய வேண்டிய வரலாறு இது.