செஞ்சி மன்னரும் தில்லை தீட்சிதர்களும்

செஞ்சியை ஆண்ட நாயக்கர்களில் கிருஷ்ணப்ப நாயக்கரை மட்டும் என்னால் எளிதில் எடைபோட முடிவதில்லை. விஜயநகரப் பேரரசர் இரண்டாம் வேங்கடருக்கு எதிராகக் கிளர்ந்து தோற்று, பெனுகொண்டாவில் சிறையிருந்தவர். தஞ்சை ரகுநாத நாயக்கர் பரிந்து பேசியதால் விடுதலை பெற்றவர். வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் தம் பெயரால் கிருஷ்ணப்பட்டணம் என்னும் ஊரையும் அமைத்தவர்.

1597-இல் ஏசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமென்டா சிதம்பரத்தில் அவரைச் சந்தித்தார். வைணவரான மன்னர் அந்த அயல்நாட்டுத் துறவியைச் செஞ்சிக்கு வரவழைத்து உபசரித்தார். தமது புதிய நகரில் தேவாலயம் கட்டவும் இசைந்தார். பிற சமயத்தாரை ஆதரித்த அரசர் என்று அவரைப் போற்றுவோர் இதையே சான்று காட்டுவர்.

ஆனால் அதே சிதம்பரத்தில் நடந்தது வேறு. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் அகற்றப்பட்டதாகச் சொல்லப்படும் கோவிந்தராஜப் பெருமாளை 1539-இல் அச்சுதராயர் மீண்டும் எழுந்தருளச் செய்தார். அச்சந்நிதித் திருப்பணியைக் கிருஷ்ணப்பர் மேற்கொண்டபோது தீட்சிதர்கள் எதிர்த்தனர். கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விடுவோம் என்றனர். மன்னர் பணியவில்லை. ஏறத்தாழ இருபது பேர் குதித்து மாண்டனர். சினந்த மன்னர் மற்றவர்களைச் சுட ஆணையிட, இருவர் மடிந்தனர். இதை எழுதிவைத்தவர் பிமென்டாவே. மன்னரிடம் சலுகை பெற்றவர், அவருக்கு இழுக்குத் தரும் செய்தியைப் புனைந்திருக்க மாட்டார் என்றே கருதுகிறேன்.

பாதிரியாருக்கு இசைந்ததால் மன்னர் எதையும் இழக்கவில்லை. தீட்சிதர்களோ அவருடைய விருப்பத்தையே மறுத்தனர். சிறு குழுவினரான அவர்களுக்கு அன்று முறையிட வேறிடம் இல்லை.

மதச்சார்பற்ற குடியரசில் அந்த இடம் உண்டு. தீட்சிதர்கள் தனிச் சமய உட்பிரிவினர் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1951-இல் ஏற்றது. ஆயினும் தமிழக அரசு கோயிலுக்குச் செயல் அலுவலரை நியமித்தது; 2009-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்நியமனத்தை நீக்கியது. நிர்வாகச் சீர்கேட்டைக் களைய அரசு தலையிடலாம்; களைந்தபின் விலக வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. கணக்குக் கேட்கும் உரிமை அரசுக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நிர்வாகத்தைக் காலவரையின்றிக் கையில் வைத்துக்கொள்வது வேறு.

கிருஷ்ணப்பர் பின்னர் 1616-17-இல் தோப்பூர்ப் போரில் ஜக்கராயன் பக்கம் நின்று, ரகுநாதரின் படையிடம் தோற்றார். அவர் திருப்பணி செய்த கோவிந்தராஜர் சந்நிதி நடராஜர் சந்நிதிக்கு அருகிலேயே இன்றும் உள்ளது. அங்கு பிரம்மோற்சவம் நடத்துவது குறித்த பிணக்கு அண்மை ஆண்டுகளில் மீண்டும் நீதிமன்றம் ஏறியது.