எண்ணூர் டிராஃபிக் அப்டேட்டுக்குப் பின்னால் ஒரு மேஜர்: எஃப்.எம். ரேடியோ தந்த எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை

காசிமேட்டில் தொடங்கி திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், ராயபுரத்திலிருந்து வண்டியை எடுக்கிறவருக்குத் தேவை ஒரே ஒரு தகவல்தான். இப்போ எந்த ரோடு ஓடுது?

அந்தத் தகவல் காருக்குள் வர மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, மொபைல் இணையத்தில் ஓடும் மேப். இரண்டு, எஃப்.எம்.மில் பாட்டுக்கு நடுவே ஆர்.ஜே. சொல்கிற டிராஃபிக் நிலவரம். மூன்றாவது, வெளிநாடுகளில் அதிகம் பழக்கத்தில் இருப்பது: எஃப்.எம். அலைக்குள்ளேயே காதுக்குக் கேட்காத டேட்டாவாக வந்து, காரின் சாட்நாவ் திரையில் நெரிசலைக் காட்டும் முறை.

இந்த மூன்றாவது வழியைச் சாத்தியமாக்கிய ஆளை நம்மில் பலருக்குத் தெரியாது. பெயர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். நிலவில் கால் வைத்தவர் வேறு, இவர் வேறு. இவர் ரேடியோவின் கரகரப்பை ஒழித்தவர். அதற்கு இவர் கொடுத்த விலையும் பெரியது.

யார் இந்த ஆர்ம்ஸ்ட்ராங்?

1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் அமெரிக்கக் கிளையில் வேலை பார்த்தார். அம்மா ஆசிரியை. சிறு வயதில் வந்த நரம்பு சம்பந்தமான காய்ச்சலால் பள்ளிக்கூடமே போக முடியாமல் வீட்டில் இருந்தார். தோளும் முகமும் அவ்வப்போது வெட்டி இழுக்கும் பழக்கம் அதன்பின் வாழ்நாள் முழுக்க அவரை விடவில்லை.

தனியாக இருந்த பையனுக்கு மார்க்கோனியின் கதை பிடித்துப்போனது. குடும்பம் யாங்கர்ஸ் ஊருக்குக் குடிபோன பிறகு, வீட்டு வளாகத்திலேயே 125 அடி உயரத்தில் ஆன்டெனா கம்பம் கட்டினார். அதில் தானே ஏறி ஒயர் இழுத்தார். உயரம் என்றால் அவருக்குப் பயமே கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் தினமும் மோட்டார் சைக்கிளில் போய் வந்தார்.

முதல் கண்டுபிடிப்பு, முதல் வழக்கு

அந்தக் காலத்தில் ரேடியோ என்றால் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, எங்கோ தூரத்தில் கேட்கிற 'டிக் டிக்' சத்தத்தைத் தேடுகிற வேலை. 1912-ல், இன்னும் மாணவனாக இருக்கும்போதே, ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். வால்வில் இருந்து வெளியே வரும் சிக்னலில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளேயே அனுப்பினால் அது பல மடங்கு பெரிதாகிறது. ஹெட்ஃபோனே இல்லாமல் அறை முழுக்கச் சத்தம் கேட்டது. 1914-ல் காப்புரிமை கிடைத்தது.

ஆனால் அந்த வால்வை உருவாக்கிய லீ டி ஃபாரஸ்ட், இந்த யோசனையும் தன்னுடையதுதான் என்று வழக்குப் போட்டார். பல ஆண்டுகள் இழுத்த அந்த வழக்கில் 1934-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு தொழில்நுட்பத்தையே தப்பாகப் புரிந்துகொண்டது என்பது பல பொறியாளர்களின் கருத்து.

இந்தக் கண்டுபிடிப்புக்காக ரேடியோ பொறியாளர்கள் சங்கம் முன்பு ஆர்ம்ஸ்ட்ராங்குக்குப் பதக்கம் கொடுத்திருந்தது. தோற்ற பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க சங்கத்தின் மாநாட்டுக்கே போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. சட்டம் கொடுக்காத அங்கீகாரத்தைச் சக தொழிலாளிகள் கொடுத்தார்கள்.

ஜிபிஎஸ் வரைக்கும் வந்த யோசனை

முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவில் சேர்ந்து பாரிஸ் போனார். அங்கே 1918-ல் உருவானதுதான் 'சூப்பர்ஹெட்டரோடைன்'. பெயர் பெரிது, விஷயம் எளிது.

துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கன்டெய்னர் ஒரே அளவுதான், அதனால் ஒரே கிரேன் எல்லாவற்றையும் தூக்கிவிடும். ஆர்ம்ஸ்ட்ராங் அதையேதான் அலைகளுக்குச் செய்தார். எந்த அலைவரிசையில் சிக்னல் வந்தாலும், ரிசீவருக்குள் அதை ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் நன்றாகப் பெருக்குவது.

அதன்பிறகு வந்த வீட்டு ரேடியோ, டிவி, ரேடார் எல்லாமே இந்த வழியில் நடந்தன. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்புகிற மெல்லிய சிக்னலையும் ரிசீவர்கள் பொதுவாக இப்படிக் கீழிறக்கித்தான் படிக்கின்றன. அதாவது, கார் எங்கே நிற்கிறது என்று சாட்நாவ் சொல்வதிலும் இவர் பங்கு இருக்கிறது.

போர் முடிந்து மேஜராகத் திரும்பினார். கடைசி வரை எல்லோரும் அவரை மேஜர் என்றே அழைத்தார்கள். காப்புரிமைகளை விற்றதில், ஆர்சிஏ என்ற மாபெரும் ரேடியோ நிறுவனத்தின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர் ஆனார். அதன் தலைவர்களில் ஒருவரான டேவிட் சார்னாஃப் நெருங்கிய நண்பர். சார்னாஃபின் செயலாளர் மரியன் மெக்கின்னிஸை 1923-ல் கல்யாணம் செய்தார். கல்யாணத்துக்கு முன்பு ஆர்சிஏவின் ஆன்டெனா கோபுர உச்சியில் ஏறி போட்டோ எடுத்து மரியனுக்கு அனுப்பிய கதை பிரபலம். சார்னாஃப் கடுப்பாகி, இனி அந்தப் பக்கமே வரக்கூடாது என்று தடை போட்டார்.

கரகரப்பை ஒழித்தது எப்படி?

அன்றைய ரேடியோ எல்லாம் ஏ.எம். குரலுக்கு ஏற்ப அலையின் உயரம் கூடும், குறையும். சிக்கல் என்னவென்றால், மின்னலும் மோட்டாரும் காரின் ஸ்பார்க் பிளக்கும்கூட அதே உயரத்தில்தான் கை வைக்கும். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கம் உயரழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே ஏ.எம். ரேடியோவை வைத்துப் பார்த்தால் இது புரியும்.

ஆர்ம்ஸ்ட்ராங் வேறு வழியில் யோசித்தார். அலையின் உயரத்தைத் தொடாமல், அதன் அதிர்வெண்ணை மட்டும் மாற்றினால்? ரிசீவர் உயரத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை அப்படியே வெட்டித் தள்ளிவிடலாம், சத்தம் அதோடு போய்விடும். இதுதான் எஃப்.எம்.

இந்த யோசனை மற்றவர்களுக்கும் தோன்றியிருந்தது. ஆனால் 1922-லேயே ஜான் கார்சன் என்ற கணித வல்லுநர் இதில் லாபமில்லை என்று எழுதியிருந்தார். அலைவரிசையைக் குறுக்கினால்தான் சத்தம் குறையும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆர்ம்ஸ்ட்ராங் நேர் எதிராக அகலமாக்கினார். 1933 டிசம்பர் 26 அன்று எஃப்.எம். காப்புரிமைகள் அவருக்குக் கிடைத்தன.

ஒரே அலையில் பல சரக்கு

1934-ல் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் மேலிருந்த ஆர்சிஏ ஆய்வுக்கூடத்தில் சோதனை தொடங்கியது. சாட்நாவ் கதைக்கு முக்கியமான இடம் இதுதான். அந்த நவம்பரில் ஒரே எஃப்.எம். அலையில் ரேடியோ நிகழ்ச்சியோடு தந்திச் செய்தியையும், நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தைப் படமாகவும் சேர்த்து அனுப்பிக் காட்டினார். எஃப்.எம். அலைக்குள் குரல் போக மிச்ச இடம் இருக்கிறது, அதில் டேட்டாவும் போகலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1935 நவம்பரில் பொறியாளர்கள் கூடிய அரங்கில் பொதுவாகச் செய்துகாட்டினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றுவது, காகிதத்தைக் கசக்குவது போன்ற சின்னச் சின்ன சத்தங்கள் ஸ்பீக்கரில் அப்படியே கேட்டன.

ஆனால் அதற்கு முன்பே ஆர்சிஏ அவரைக் கருவிகளை எடுத்துக்கொண்டு காலி பண்ணச் சொல்லிவிட்டது. அவர்களுக்கு டிவி மேல் கவனம். தவிர, ஏ.எம். நிலையங்களில் கொட்டிய பணத்துக்கு எஃப்.எம். நேரடிப் போட்டி.

88 முதல் 108 வரை: ஒரு முடிவின் விலை

ஆர்ம்ஸ்ட்ராங் விடவில்லை. நியூஜெர்சியின் ஆல்பைனில் சொந்தக் காசில் 400 அடிக்கு மேல் உயரமான கோபுரம் கட்டி எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கினார். 1940-ல் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையம் எஃப்.எம்.முக்கு 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் ஒதுக்கியது. அதே ஆண்டு ஆர்சிஏ மொத்தமாக 10 லட்சம் டாலர் தருகிறோம், இனி ராயல்டி கேட்காதீர்கள் என்றது. மற்ற நிறுவனங்கள் ராயல்டி கட்டும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை என்று மறுத்தார். இரண்டாம் உலகப் போரில் தன் காப்புரிமைகளை ராணுவம் இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்தார்.

1945-ல் அடி விழுந்தது. ஆணையம் எஃப்.எம்.மை 88–108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியது. மக்கள் வாங்கி வைத்திருந்த லட்சக்கணக்கான ரிசீவர்கள் பெட்டியாகிப் போயின. நிலையங்கள் புதுக் கருவி வாங்க வேண்டியதாயிற்று. இதன் பின்னால் போட்டி நிறுவனங்களின் அழுத்தம் இருந்தது என்று ஆர்ம்ஸ்ட்ராங் நம்பினார்.

இன்று சென்னையில் நாம் திருப்புகிற 93.5, 98.3, 101.4, 106.4 எல்லாம் அந்த 88–108 எல்லைக்குள்தான் இருக்கின்றன.

கடைசி வழக்கு

ராயல்டி தராமலேயே எஃப்.எம். டெக்னாலஜியைப் பயன்படுத்துவதாக 1948-ல் ஆர்சிஏ மீது வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் விசாரணையை இழுத்துக்கொண்டே போனார்கள். 1950-ல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாயின. வருமானம் நின்றது, வக்கீல் செலவு நிற்கவில்லை.

1953 இலையுதிர் காலத்தில்கூட, ஒரே எஃப்.எம். அலையில் பல நிகழ்ச்சிகளை அனுப்பும் முறையை மேம்படுத்தி அறிவித்தார். ஆனால் வீட்டுக்குள் நிலைமை மோசமாகியிருந்தது. மரியனின் ஓய்வுக் காலச் சேமிப்பைக் கேட்டு வந்த சண்டையில் அவரை அடித்தார். மரியன் வீட்டை விட்டுப் போனார். 1954 ஜனவரி 31 அன்று மனைவிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, 63 வயதில் ஆர்ம்ஸ்ட்ராங் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

வழக்கை மரியன் கையில் எடுத்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆர்சிஏ சுமார் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. மற்ற நிறுவனங்களோடு ஒன்றன்பின் ஒன்றாக மோதி, கடைசியாக 1967-ல் மோட்டோரோலாவுக்கு எதிராக ஜெயித்தார். எஃப்.எம். ஆர்ம்ஸ்ட்ராங்குடையது என்பது 13 ஆண்டுகள் கழித்து உறுதியானது.

மெட்ராஸுக்கு எப்போது வந்தது?

நம்ம ஊரில் ரேடியோ ஒலிபரப்பு 1924 ஜூலை 31 அன்று சென்னை மாகாண ரேடியோ கிளப்போடு தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ல் வந்தது. இரண்டும் ஏ.எம். காலம். இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று தொடங்கியது டெல்லியில் அல்ல, மும்பையில் அல்ல, இதே சென்னையில்தான்.

சரி, சாட்நாவ் டிராஃபிக்கை நம்பலாமா?

எஃப்.எம். நிலையம் பாட்டை அனுப்பும்போதே, காதுக்குக் கேட்காத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் நொடிக்கு 1,187.5 பிட் வேகத்தில் டேட்டாவும் அனுப்பலாம். இது ஆர்டிஎஸ். நிலையத்தின் பெயர் ரேடியோ திரையில் வருவது இதனால்தான். இதன் ஒரு பகுதி டிஎம்சி என்கிற டிராஃபிக் செய்தி. அதில் வாக்கியம் எதுவும் வராது. என்ன நடந்தது என்பதற்கு ஒரு எண், எங்கே என்பதற்கு ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண்களுக்கு அர்த்தம் சொல்கிற பட்டியல் சாட்நாவுக்குள் இருக்க வேண்டும்.

அதனால் இதை நம்ப மூன்று விஷயம் சரியாக இருக்கணும். முதலில் ஆன்டெனா. பல கருவிகளில் அது சார்ஜர் கேபிளுக்குள்ளேயே இருக்கும், கேபிளைச் சுருட்டி வைத்தால் சிக்னல் பலவீனமாகும். இரண்டாவது, இடங்களின் எண் பட்டியலும் மேப்பும் பொருந்த வேண்டும். புது மேம்பாலமோ இணைப்புச் சாலையோ பட்டியலில் இல்லையென்றால் அங்கே நடப்பது திரைக்கு வராது. மூன்றாவதுதான் பெரிய விஷயம்: ரோட்டில் நடப்பதை யாராவது சரியாக, சீக்கிரமாகச் சொல்ல வேண்டும்.

நம்மூர் கார்களில் லைவ் டிராஃபிக் பெரும்பாலும் மொபைல் இணையம் வழியாகவே வருகிறது. அதற்கும் இந்த மூன்றாவது நிபந்தனை பொருந்தும். துறைமுகத்துக்குள் நுழைய ஓரமாகக் காத்திருக்கும் டிரெய்லர் வரிசையா, ரோடே அடைபட்டிருக்கிறதா என்ற வித்தியாசம் வடசென்னையில் தினசரி முக்கியம். திரையில் தெரியும் சிவப்புக் கோடு மட்டும் அதைச் சொல்லிவிடாது. அந்த இடத்தைத் தெரிந்த போக்குவரத்துக் காவலரோ, ஓட்டுநரோ, ஆர்.ஜே.வோ சொன்னால்தான் தெரியும்.

ஆல்பைன் கோபுரம் இன்றும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் உலக வர்த்தக மையத்தின் மேலிருந்த ஆன்டெனாக்கள் அழிந்தபோது, நியூயார்க்கின் சில டிவி நிலையங்கள் தற்காலிகமாக அங்கிருந்துதான் ஒளிபரப்பின. தெளிவான அலையை அவர் அன்றே கொடுத்துவிட்டார். அதில் என்ன தகவலை ஏற்றுகிறோம் என்பதுதான் இன்னும் பாக்கி இருக்கிற வேலை.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ ஏற்பட்டால் தயங்காமல் உதவி கேளுங்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. தேசிய மனநல உதவி எண்: 14416.)